முனிவர் பிறந்த ஊருக்கு ஒரு நவம்பர்ப் பயணம்

வீரமாமுனிவரின் பெயரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் இருத்தல் அரிது. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையையும் கோனான்குப்பம் பெரியநாயகி அன்னையையும் வணங்கச் செல்வோர் யாவரும் அவர் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள். தேம்பாவணியை முழுவதும் கற்றவர் சிலரே ஆயினும், பரமார்த்த குருவின் கதையைக் கேட்டுச் சிரித்திராத பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லை. ஆனால் அம்முனிவர் பிறந்த ஊர் எது என்று வினவினால், "இத்தாலி" என்று நாட்டின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறோம்.

அவ்வூரின் பெயர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வட இத்தாலியில், மாந்துவா மாவட்டத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சிறு நகரம். அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1711-ஆம் ஆண்டையொட்டித் தமிழகம் வந்த அவர், பிறந்த மண்ணுக்கு மீண்டும் திரும்பவேயில்லை.

நாற்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அத்தைக்கு ஒரே ஆசை. "அவர்தாம் திரும்பிப் போகவில்லை. அவரிடம் எழுத்துக் கற்றவர்கள் நாம் ஒருமுறை போய் நன்றி சொல்லி வருவோமே" என்பார். அதுவும் அவர் பிறந்த நாளிலேயே போகவேண்டும் என்பார். அத்தைக்கு வயது எழுபத்திரண்டு; முழங்கால் வலி வேறு. இனியும் தள்ளிப்போட்டால் ஆசை ஆசையாகவே நின்றுவிடும் என்று உணர்ந்து, ஓராண்டின் நவம்பர் மாதத்தில் அத்தை, நாங்கள் இருவர், எங்கள் தம்பி என நால்வராகப் புறப்படத் துணிந்தோம்.

இப்பயணத்தை நாங்கள் திட்டமிட்ட வகையையும், திட்டத்தில் செய்த பிழையையும், கண்டு மகிழ்ந்தவற்றையும் நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதல் திட்டமும் அத்தையின் பேனாவும்

வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டிச் செல்வது என்று முதலிலேயே முடிவாயிற்று. காரணம் எளியது. நாங்கள் காண விரும்பிய சிற்றூர்களுக்கு இரயில் இல்லை. பேருந்து உண்டெனினும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் அது மிகக் குறைவு. அத்தையோ நெடுநேரம் நிற்க இயலாதவர். மேலும் எங்கள் தம்பி வளைகுடா நாடொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகியவன். இத்தாலியிலும் வலப்புறமே ஓட்டவேண்டும்.

நிலப்படத்தை விரித்து நாங்கள் எழுதிய முதல் திட்டம் பெரியது. மிலான், கோமோ ஏரி, ஸ்தெல்வியோ கணவாய், தொலொமித்தி மலைகள், வெனிஸ், பதுவை, மாந்துவா என்று ஒன்பது நாட்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஸ்தெல்வியோ என்பது கடல்மட்டத்திலிருந்து 2,757 மீட்டர் உயரத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சாலை. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டைஊசி வளைவுகள். அதனைப் படத்தில் பார்த்தே எங்கள் தம்பி மயங்கிவிட்டான்.

திட்டத்தை அத்தையிடம் நீட்டினோம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதும் படித்தார். பிறகு கட்டுரை நோட்டுத் திருத்துவது போலப் பேனாவைக் கையில் எடுத்தார்.

"நவம்பரில் அங்கே எத்தனை மணிக்கு இருட்டும், தம்பி?"

விசாரித்துப் பார்த்தோம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பியர் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிடுகின்றனர். நவம்பர் முதல் வாரத்தில் கார்தா ஏரிப் பகுதியில் காலை ஏழு மணியளவில் கதிரவன் தோன்றி, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகிறான். பகல் பத்து மணி நேரம்கூட இல்லை. அதிலும் அந்நாட்டுக் கோயில்கள் பல நண்பகலில் அடைக்கப்பட்டு மூன்று, மூன்றரை மணிக்கே மீண்டும் திறக்கப்படும். ஆக, காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும்தாம் கையில் மிஞ்சுவன.

உயர்ந்த மலைக்கணவாய்களின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. ஸ்தெல்வியோ போன்றவை பனி விழத் தொடங்கியதும் மூடப்பட்டு, அடுத்த வசந்தத்தின் முடிவில்தான் திறக்கப்படும். அக்டோபர் முடிந்த பின் அவற்றை நம்பித் திட்டமிடுதல் மணலில் வீடு கட்டுதலை ஒக்கும்.

"இத்தனை ஊர் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் முழங்காலிட நேரம் இருக்கிறது?" என்று கேட்டார் அத்தை. எங்களிடம் விடையில்லை. கோமோ போயிற்று, ஸ்தெல்வியோ போயிற்று, தொலொமித்தி மலைகளும் வெனிஸ் நகரும் போயின. பதுவை அந்தோனியாரை அடித்தபோது மட்டும் அத்தையின் பேனா சற்றுத் தயங்கியது. "அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று அடித்துவிட்டார்.

எஞ்சியவை பெர்கமோ, பிரெஷா, கார்தா ஏரி, மாந்துவா, காஸ்திலியோனே. தங்குவதற்கு இரண்டே ஊர்கள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். நாலரை மணிக்கு வண்டி நின்றுவிடவேண்டும். இது அத்தை வகுத்த சட்டம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

இவ்வாறு செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருத்தல் வேண்டும். அது ஓராண்டு செல்லும். வாடகைக் கார் நிறுவனங்கள் வழக்கமாக, ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. இதனை அறியாமல் அங்கே போய் நிற்பவர்கள் உண்டு.

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, பலகை வைக்கப்பட்ட சாலைகளில் பனிக்கால டயர்களோ, சக்கரத்தில் பூட்டும் சங்கிலிகளோ வண்டியில் இருந்தாக வேண்டும். அத்தேதிக்கு முன்னரே எங்கள் பயணம் முடிவதாயினும், மலைப்பாதையை எண்ணி அவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். ஊர்களுக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும். அதிவேகச் சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் எல்லை. மழை பெய்தால் 110. நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்டணம் செலுத்தவேண்டும். மஞ்சள் நிறத் தடம் முன்பதிவுக் கருவி பொருத்திய வண்டிகளுக்கு உரியது. நம்மவர் அதில் நுழைந்துவிடக் கூடாது.

பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உண்டு. வாயிலில் காவலர் எவரும் நிற்பதில்லை. ஒரு புகைப்படக் கருவி மட்டும் மேலிருந்து பார்க்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். ஆகவே வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து செல்வதே நன்று. நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு பிறருக்கு ஒதுக்கப்பட்டது.

நவம்பரில் கூட்டம் குறைவு. அறை வாடகையும் கோடைகாலத்தைவிடக் குறைவு. அதற்கு ஈடாக ஏரிக்கரை விடுதிகள் பலவும் மாதத் தொடக்கத்திலேயே கதவடைத்து உயிர்ப்புத் திருவிழாவை ஒட்டியே திறக்கின்றன. ஏரிப் படகுகளும் குறைந்துவிடுகின்றன. எனவே ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊரில் தங்குதலே அறிவுடைமை. நாங்கள் பெர்கமோவில் இரண்டு இரவும், ஏரியின் தென்கரையிலுள்ள தெசென்சானோவில் மீதி இரவுகளும் தங்க ஏற்பாடு செய்தோம்.

நவம்பர் 2 அன்று சொந்த ஊரில் கல்லறை மந்திரிப்பு முடிந்து, மாமாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிய பின்னரே அத்தை புறப்பட்டார். மறுநாள் மிலானில் இறங்கி, அன்று மாலைக்குள் பெர்கமோவை அடைந்தோம்.

மலையடியில் ஒரு குடியானவன் வீடு

மறுநாட் காலை சொத்தோ இல் மோந்தே. "மலையின் கீழே" என்பதே அப்பெயரின் பொருள். 1881-ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று, வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் குடும்பமொன்றில் ஆஞ்சலோ ரொன்காலி பிறந்த ஊர் அது. அவரே 23-ஆம் அருளப்பராகத் திருச்சபையை ஆண்டு, 1962-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் திறந்து வைத்தவர். 2014-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்று ஊரின் பெயரோடு அவர் பெயரும் சேர்த்தே வழங்கப்படுகிறது.

அவ்வீட்டின் கல் முற்றத்தில் நின்றபோது, நம் நாட்டுக் குடியானவர் வீட்டு முற்றமே நினைவுக்கு வந்தது. மேலே மலைச்சரிவில் இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்த கல்லறைத் தோட்டத்தின் வழியே நடந்தோம். ஒவ்வொரு கல்லறை மீதும் செவ்வந்திப் பூக்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் சிறு விளக்குகள். இத்தாலியில் செவ்வந்தி என்பது இறந்தோர்க்கு உரிய மலர். விருந்துக்குப் போகும் வீட்டுக்கு அதனை எடுத்துச் செல்லலாகாது. நாமோ அதனைக் கூந்தலிலும் சூடுகிறோம், மாலையாகவும் தொடுக்கிறோம். "பூவில் பேதம், செபத்தில் பேதமில்லை" என்றார் அத்தை.

அடுத்த நாள் பிரெஷா நகருக்கு வடக்கே கொன்சேசியோவில், 6-ஆம் சின்னப்பர் 1897-இல் பிறந்த வீட்டைக் கண்டோம். 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்து நம் மண்ணை மிதித்த முதல் பாப்பரசர் அவரே. அன்று மாலை நாலரை மணிக்கு முன்பே தெசென்சானோவை அடைந்துவிட்டோம். உர்சுலா கன்னியர் சபையைத் தோற்றுவித்த புனித ஆஞ்செலா மெரிசி பிறந்த ஊர் அது. அத்தையின் சட்டம் செம்மையாக நடைபெற்றது.

ஏரிக்கரைச் சாலை

நவம்பர் 6 எங்கள் பயணத்தின் அழகிய நாள். கார்தா ஏரி இத்தாலியிலேயே பெரியது. 370 சதுர கிலோமீட்டர் பரப்பு. தெற்கே கடல் போல் விரிந்து, வடக்கே செல்லச் செல்ல இரு மலைச்சுவர்களுக்கிடையே குறுகுகிறது. மேற்குக் கரைச் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. கர்ஞானோ என்னும் ஊரைத் தாண்டியதும் மலை நேரே நீரில் இறங்குகிறது. பாறையைக் குடைந்து எழுபதை ஒட்டிய குகைவழிகள். இருளில் நுழைவதும், ஒரு நொடி நீல நீரும் வெயிலும் கண்ணில் பட, மீண்டும் இருளில் மூழ்குவதுமாகச் சென்றோம். கோடையில் இச்சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையாக ஊருமாம். நாங்கள் சென்ற நாளிலோ எதிரே வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதிர்க்கரையில் 2,200 மீட்டர் உயர்ந்த பால்தோ மலையின் உச்சியில் முதற்பனி படிந்திருந்தது. இக்கரையிலோ ஒலிவ மரங்களின் அடியில் வலை விரித்துக் காய் பறித்துக்கொண்டிருந்தனர்.

சாலை வரும்வரை லிமோனே என்னும் சிற்றூருக்குப் படகிலோ மலைப்பாதையிலோதான் செல்ல இயலும். இவ்வளவு வடக்கே எலுமிச்சை பயிரிட்டவர்கள் அவ்வூரார். வரிசையாகக் கல்தூண்கள் நட்டு, குளிர் தொடங்கியதும் அவற்றின்மேல் பலகையும் கண்ணாடியும் பொருத்தி, மரங்களைக் குழந்தை போல் காத்தனர். அத்தகைய எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரின் மகனே புனித தானியேல் கொம்போனி. 1831-இல் பிறந்து, ஆப்பிரிக்க மக்களுக்காக உழைத்து, 1881-இல் கார்ட்டூம் நகரில் உயிர்நீத்தவர். படகோ மலைப்பாதையோ அன்றி வெளியேற வழியில்லாத ஊரிலிருந்து ஒரு பிள்ளை ஆப்பிரிக்காவின் நடுவிற்குப் போயிருக்கிறது. தெற்கே சிறிது தொலைவில் பிறந்த இன்னொரு பிள்ளை தமிழகம் வந்திருக்கிறது. இரண்டு தாய்மாரையும் எண்ணி அத்தை செபமாலையின் ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுத்தார்.

சட்டத்தை மீறிய நாள்

நவம்பர் 7 அன்று மாந்துவா. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த பழைய தலைநகரம். பெஸ்கி இளமையில் இயேசு சபையாரிடம் கல்வி பயின்ற நகர். பத்தாம் பத்திநாதர் பாப்பரசராகுமுன் 1884 முதல் 1893 வரை ஆயராக இருந்த மறைமாவட்டமும் அதுவே. புனித பெலவேந்திரர் பேராலயத்தின் அடித்தளச் சிற்றாலயத்தில், ஆண்டவரின் விலாவைக் குத்திய படைவீரர் கொணர்ந்ததாக மரபு கூறும் திரு இரத்தப் பேழை காக்கப்படுகிறது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் இருவரையும் ஆசை பற்றிக்கொண்டது. கொன்சாகா குடும்பத்தாரின் அரண்மனையையும் பார்த்துவிடவேண்டும் என்று பிடிவாதம் செய்தோம். அத்தை கடிகாரத்தைக் காட்டினார். நாங்கள் காணாதது போல் நடந்தோம். வெளியே வந்தபோது ஐந்தரை மணி. நன்றாக இருட்டிவிட்டது.

நகரைக் கடந்து இருபது நிமிடம் சென்றிருப்போம். வயல்களிலிருந்து வெண்புகை எழுவது போலத் தோன்றிற்று. சற்று நேரத்தில் சாலை, மரம், வானம் யாவும் மறைந்தன. போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி அது. இலையுதிர் காலத்தின் முடிவில், காற்றில்லாத இரவுகளில், ஈரமண் குளிர்ந்து பனிமூட்டம் தரையோடு படிந்துவிடும். விளக்கை உயர்த்தினால் வெண்சுவர் இன்னும் கெட்டியாகும், தாழ்த்தியே வைக்கவேண்டும். நூறு மீட்டருக்கு மேல் கண் தெரியாதபோது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது என்பது விதி. எங்களுக்கோ பத்து மீட்டர் தெரியவில்லை. முப்பதில் ஊர்ந்தோம்.

"அக்கா, நிறுத்திவிடலாமா?" என்றான் தம்பி.

நாங்கள் சம்மதிக்கவில்லை. தெசென்சானோவில் அறைக்குப் பணம் கட்டியாயிற்று, பெட்டிகள் அங்கே, விடிந்தால் நவம்பர் 8. காலைத் திருப்பலிக்குக் காஸ்திலியோனேயில் இருக்கவேண்டும் என்பதற்காகவே கடல் கடந்து வந்தோம். "மெதுவாகப் போனால் போகலாம்" என்றோம்.

அச்சொல் வாயிலிருந்து அடங்குமுன் இரண்டு செவ்விளக்குகள் கண்முன் தோன்றின. நடுச்சாலையில் ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. தம்பி முழுபலத்தோடு மிதித்தான். வண்டி வழுக்கி, ஒரு முழ இடைவெளியில் நின்றது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. தம்பியின் கைகள் நடுங்கின. பின்னிருக்கையில் அத்தையின் செபமாலை கீழே விழுந்திருந்தது.

அத்தை குரலை உயர்த்தவில்லை. "முனிவர் முந்நூறு ஆண்டாகக் காத்திருக்கிறார். நாளை மதியம்வரை காத்திருக்க மாட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

கொய்த்தோ என்னும் ஊரின் அருகே ஒரு பண்ணைவீட்டு விடுதியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கதவைத் தட்டினோம். வீட்டுக்காரப் பெண்மணி எங்கள் முகங்களைப் பார்த்தே யாவும் உணர்ந்துகொண்டார். மாற்றுடை இல்லை; மொழி தெரியாது. மாவுக்குள் பரங்கிக்காய் வைத்த கொழுக்கட்டை போன்ற அவ்வட்டாரத்து உணவும், சுட்ட கஷ்கொட்டையும் வைத்தார். நாங்கள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். வெளிநாட்டுப் பயணத்தில் வண்டி ஓட்டுபவன் "நிறுத்துவோம்" என்றால் அதற்கு மேல் வாதமில்லை என்பதை அன்று கற்றோம். கட்டிய பணம் போனது போகட்டும்; அது உயிரின் விலையன்று.

நவம்பர் 8

மறுநாள் பத்தரை மணிக்கே பனி விலகிற்று. காஸ்திலியோனேயை அடைந்தபோது நண்பகல். காலைத் திருப்பலி முடிந்துவிட்டது, கோயில் அடைத்திருந்தது. எத்தனையோ மாதம் கணக்கிட்டு வந்த நாளின் காலை எங்கள் பேராசையால் கைவிட்டுப் போயிற்று. அத்தை கோயில் படியில் அமர்ந்துகொண்டு, "நீங்கள் போய் ஊரைப் பாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

அக்கோயில் ஞானப்பிரகாசியாரின் பேராலயம். ஆம், நம் பள்ளிகளும் கல்லூரிகளும் தாங்கும் அப்பெயருக்குரிய புனித லூயிஜி கொன்சாகா 1568-இல் பிறந்த ஊரும் இதுவே. இளவரசுப் பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்து, உரோமையில் கொள்ளைநோயாளருக்குத் தொண்டு செய்து, இருபத்து மூன்றாம் வயதில் இறந்தவர். அவருடைய திருத்தலை இவ்வாலயத்தின் பெரிய பீடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வூரில் பிறந்த சிறுவன் பெஸ்கிக்கு அப்பெயர் தாய்ப்பாலோடு வந்ததாகும். 1726-இல் உரோமையில் ஞானப்பிரகாசியார் புனிதராக உயர்த்தப்பட்டார். தேம்பாவணி நிறைவுற்றதும் அதே ஆண்டில் என்பர்.

மூன்றரை மணிக்குக் கதவு திறந்தது. பீடத்தின் முன் அத்தை வலியையும் பொருட்படுத்தாது முழங்காலிட்டார். நெடுநேரம் எழவில்லை. பின்னர் கோயிலைப் பேணும் முதிய பெண்மணி ஒருவர் அருகே வந்து எங்கள் நாட்டை வினவினார். அத்தை பையிலிருந்து அடைக்கல அன்னையின் சிறு படத்தையும், ஒரு தாளையும் எடுத்தார். தாளில் பெரிதாக "கெ" என்றும், அதனருகே "கே" என்றும் எழுதினார். குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரிய வீரமாமுனிவர் அமைத்த சுழியைச் சுட்டிக்காட்டி, "பெஸ்கி, பெஸ்கி" என்றார். பிறகு தம் நெஞ்சைத் தொட்டு, எழுதுவது போலவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது போலவும் சைகை செய்தார்.

அப்பெண்மணிக்கு எவ்வளவு புரிந்ததோ அறியோம். அத்தாளை வாங்கி, அந்தச் சுழியின் மீது தம் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். பின்னர் அன்னையின் படத்தோடு சேர்த்து மடித்துத் தம் செபப்புத்தகத்தில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே வயதினர். கைகளைப் பற்றிக்கொண்டு பேசாது நின்றனர். அத்தை சொல்லவந்த நன்றி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது. வெளியே வந்தபோது மணி நாலு இருபது. தம்பி சிரித்துக்கொண்டே வண்டியின் கதவைத் திறந்தான்.

எலும்புகள் ஒன்றாகக் கிடக்கும் கோயில்

மறுநாள் அருகிலுள்ள சொல்பெரினோ குன்றுக்குச் சென்றோம். 1859 ஜூன் 24 அன்று, ஒரு பக்கம் பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் மறுபக்கம் ஆஸ்திரியப் படையும் அங்கே மோதின. ஒரே நாளில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டனர், கோயில்கள் மருத்துவமனைகளாயின. அவ்வூர்ப் பெண்கள் எந்நாட்டவர் என்று கேளாமல், எல்லாரையும் உடன்பிறந்தாராகவே பேணினர். வாணிப நிமித்தம் அங்கு வந்திருந்த ஜெனீவாவின் ஆன்றி துனான் அதனைக் கண்டு நூலாக எழுதினார்; அதிலிருந்தே 1863-இல் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அதன் பொருட்காட்சி இன்றும் காஸ்திலியோனேயில் உள்ளது.

சொல்பெரினோவின் புனித இராயப்பர் கோயிலில் ஏறத்தாழ ஏழாயிரம் வீரரின் எலும்புகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. எது நண்பன் தலை, எது பகைவன் தலை என்று எவராலும் கூற இயலாது. இறந்தோர் மாதத்தில் இதனினும் பெரிய மறையுரை ஒன்று வேண்டுமோ? குளிர்காலத்தில் இவை திறக்கும் நேரம் குறைவாதலின், முன்னரே விசாரித்துச் செல்லுதல் நன்று.

கடைசியாக நவம்பர் 10 அன்று, பால்தோ மலையில் 774 மீட்டர் உயரத்தில் செங்குத்தான பாறையோடு ஒட்டிக் கட்டப்பட்ட கொரோனா மாதா திருத்தலம். மடியில் மரித்த மகனைத் தாங்கிய வியாகுல அன்னையின் உருவம் அங்கே வணங்கப்படுகிறது. 1988-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே வந்து செபித்தார். மேலே ஸ்பியாத்சி என்னும் சிற்றூரில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் செல்லவேண்டும். அத்தைக்காக நின்று நின்று இறங்கினோம். வேறெங்கும் செல்லவேண்டிய அவசரம் எங்களுக்கு இல்லை.

நவம்பர் 11 அன்று விமான நிலையம் நோக்கிப் புறப்பட்டோம். புனித மார்ட்டின் திருநாளை ஒட்டிச் சில நாட்கள் வெயில் இளஞ்சூடாகக் காயும் என்பது இத்தாலியர் நம்பிக்கை; அதனை மார்ட்டினாரின் கோடை என்பர். எங்களுக்கும் அவ்வெயில் வாய்த்தது.

பயணத்திட்டம் என்றால் சேர்த்துக்கொண்டே போவது என்று எண்ணியிருந்தோம். இலையுதிர் காலத்தின் குறும்பகல் எங்களுக்கு வேறொன்றைக் கற்பித்தது. அத்தை அடித்துவிட்ட ஊர்களை எண்ணி இன்று எவரும் வருந்தவில்லை. அடிக்க மறுத்த ஓர் அரண்மனைதான் எங்களை மரணத்தின் வாயில்வரை கொண்டுபோயிற்று. வாழ்வின் பகலும் குறுகியதே. அதில் முழங்காலிட நேரம் வைத்துத் திட்டமிடுவோர் பேறுபெற்றோர்.

இவ்வாண்டு நவம்பர் 8 அன்று, ஏலாக்குறிச்சிக்கோ கோனான்குப்பத்திற்கோ செல்லும் அன்பர்கள், தொலைவில் மூடுபனி சூழ்ந்த அச்சிறு நகரையும் தங்கள் செபத்தில் ஒரு கணம் நினைவுகூர்வார்களாக.